மாடிப்படிச் சுவரில் கிறுக்கிய குழந்தைகளும் மரியா மாண்டிசோரியும்



நம் காலாண்டு இதழின் வாழ்க்கை வரலாற்றுப் பக்கத்துக்கு இம்முறை நான் எடுத்துக்கொண்டிருப்பவர் மரியா மாண்டிசோரி அம்மையார். இந்தப் பெயரை நீங்கள் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். எந்த ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஏதாவது ஒரு மழலையர் பள்ளிப் பலகையில் அது இருக்கும். பலர் அதை ஒரு பாடத்திட்டத்தின் பெயர் என்றே நினைக்கிறார்கள். அது ஒரு மருத்துவரின் பெயர். யூரோ வருவதற்கு முன் இத்தாலியில் புழங்கிய 1000 லிரா நோட்டில் 1990 முதல் அவருடைய படம்தான் இருந்தது. வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் எந்த நாட்டு நோட்டு கையில் வந்தாலும் அதில் யார் படம் என்று பார்ப்பது என் பழக்கம். அரசர்களும் தளபதிகளும் இருக்கும் இடத்தில் ஒரு குழந்தைகளின் ஆசிரியை இருப்பது அபூர்வம்தான்.

அவரை இப்போது எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. நம் கமிட்டிக் கூட்டத்தில் அண்மையில் இரண்டு விஷயங்கள் பேசப்பட்டன. ஒன்று, புதிதாக வெள்ளையடித்த மாடிப்படிச் சுவர்களிலும் லிஃப்ட்டிலும் பிள்ளைகள் கிறுக்கிவைப்பது. அதற்குப் பெற்றோரிடம் அபராதம் வாங்கலாமா என்பது. மற்றொன்று, தரைத்தளத்தில் உடைந்த நாற்காலிகளும் பழைய பெயிண்ட் டப்பாக்களும் அடைந்து கிடக்கும் அறையை என்ன செய்வது என்பது. இரண்டும் தனித்தனி அஜெண்டாவாகப் பேசப்பட்டு, இரண்டும் அடுத்த பொதுக்குழுவுக்குத் தள்ளிவைக்கப்பட்டன. 1907-ல் ரோம் நகரத்தில், நம்மைப் போலவே அடுக்குமாடியில் வாழ்ந்த மக்கள் நடுவில், இந்த இரண்டு விஷயங்களும் ஒன்றாகச் சேர்ந்தன. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு பொதுக்குழுவுக்கு வந்தால் நல்லது என்று நினைக்கிறேன்.

பிறப்பும் படிப்பும்

மரியா 1870 ஆகஸ்ட் 31-ஆம் தேதி இத்தாலியில் அன்கோனா மாகாணத்தின் கியாரவல்லே என்ற சிற்றூரில் பிறந்தார். வீட்டுக்கு ஒரே பெண். தந்தை அலெஸ்ஸாண்ட்ரோ நிதித்துறையைச் சேர்ந்த அரசு அலுவலர். தாய் ரெனில்டே அந்தக் காலத்துப் பெண்களுக்கு அதிகம் கிடைக்காத படிப்பும் வாசிப்பும் உள்ளவர். தந்தைக்கு இடமாற்றம் வந்தபடி குடும்பம் முதலில் ஃபுளோரன்ஸுக்கும், 1875-ல் ரோமுக்கும் குடிபெயர்ந்தது. மாற்றல் உத்தரவோடு பெட்டி கட்டிய குடும்பங்களுக்கு அது எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெண் பிள்ளை படித்தால் ஆசிரியை ஆகலாம், அதற்கு மேல் வேண்டாம் என்பது அன்றைய வழக்கம். மரியாவோ 13 வயதில், பையன்கள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். முதலில் பொறியாளராக நினைத்தவர் பிறகு மருத்துவம் என்று முடிவு செய்தார். தந்தைக்கு அதில் விருப்பமில்லை; தாய் பக்கபலமாக நின்றார். ரோம் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் படித்துத் தேறி, அதன் வழியாக மருத்துவப் படிப்புக்குள் நுழைந்தார். ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிணப்பரிசோதனை செய்வது ஒரு பெண்ணுக்குத் தகாது என்று சொல்லிவிட்டதால், எல்லோரும் போன பிறகு அந்த அறையில் தனியாக நின்று அந்தப் பாடத்தை முடித்தார். 1896-ல் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அந்தப் பட்டம் பெற்ற முதல் சில பெண்களில் அவரும் ஒருவர். அதே ஆண்டு பெர்லினில் நடந்த சர்வதேசப் பெண்கள் மாநாட்டில் இத்தாலியின் பிரதிநிதியாகக் கலந்துகொண்டு, ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி வேண்டும் என்று பேசினார்.

வெறும் அறையில் கிடந்த குழந்தைகள்

பட்டம் பெற்றதும் ரோம் பல்கலைக்கழகத்தின் மனநோய் மருத்துவப் பிரிவில் பணி. அங்கிருந்து மனநலக் காப்பகங்களுக்குப் போய்வருவது வேலையின் ஒரு பகுதி. மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் அந்நாளில் பெரியவர்களோடு அந்தக் காப்பகங்களிலேயே அடைத்துவைத்திருந்தார்கள். ஒரு காப்பகத்தில் குழந்தைகள் இருந்த அறையில் ஒன்றுமே இல்லை. சாப்பாடு முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் தரையில் ஊர்ந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினார்கள். பார்த்துக்கொண்ட பணிப்பெண்ணுக்கு அது அருவருப்பான பேராசையாகத் தெரிந்தது. மரியாவின் கண்ணுக்கு வேறு ஒன்று பட்டது. தொட்டுப் பார்க்க, உருட்டிப் பார்க்க, கையில் வைத்துக்கொள்ள அந்த அறையில் ரொட்டித் துணுக்கைத் தவிர வேறு பொருளே இல்லை. பசி வயிற்றில் இல்லை, கைகளில் இருந்தது. இதை அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் பலரும் குறிப்பிடுகிறார்கள்.

இங்கே சற்று நின்று யோசித்துப் பாருங்கள். குறை குழந்தையிடம் இருக்கிறதா, குழந்தையை வைத்திருக்கும் இடத்தில் இருக்கிறதா? இந்தக் கேள்வியை அம்மையார் அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தார். இன்று சூழல் உளவியல் என்று ஒரு தனித்துறை இருக்கிறது. நாம் இருக்கும் இடத்தின் உயரம், வெளிச்சம், சத்தம், சாமான்கள் எல்லாம் நம் மனத்தையும் நடத்தையையும் எப்படி மாற்றுகின்றன என்று ஆராயும் துறை. அந்தப் பெயரில் ஒரு துறை உருவானது 1960-களில்தான். அம்மையார் காலத்தில் அப்படி ஒரு துறை இல்லை.

பிரெஞ்சு மருத்துவர்களான இட்டார், செகேன் இருவரும் இத்தகைய குழந்தைகளுக்காக எழுதிய நூல்களைத் தேடிப் படித்தார். 1900-ல் ரோமில் இக்குழந்தைகளுக்கான ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டபோது அதன் இணை இயக்குநரானார். கையால் தொட்டுப் பழகும் பொருள்களைக் கொண்டு அவர் பயிற்றுவித்த பிள்ளைகள் எழுதவும் படிக்கவும் கற்று, சாதாரணப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைக்கும் தேர்விலும் தேறினார்கள். எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். அவருக்கு மட்டும் ஒரு கவலை. பின்தங்கிய பிள்ளைகளே இவ்வளவு செய்கிறார்கள் என்றால், நல்ல திறமையுள்ள பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளிகள் என்ன செய்து வைத்திருக்கின்றன என்ற கவலை.

அவருடைய சொந்த வாழ்க்கையில் ஒரு துயரம் இதே ஆண்டுகளில் நேர்ந்தது. உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவருக்கும் அவருக்கும் 1898-ல் மாரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் நடக்கவில்லை. மணமாகாத தாய் என்று தெரிந்தால் மருத்துவப் பணியும் பொதுவாழ்வும் அன்றோடு முடிந்துவிடும் என்ற காலம். குழந்தை கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்ந்தது. ஊரார் பிள்ளைகளுக்காக உழைத்த பெண்மணி தன் பிள்ளையை அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வந்தார். 1913 வாக்கில், மகன் பதின்வயதில் இருந்தபோதுதான், அவரைத் தன்னோடு அழைத்துக்கொண்டார். அப்போதும் உறவினர் என்றே வெளியில் சொல்லி வந்தார்.

சான் லோரென்சோ அடுக்குமாடி

இப்போது நமக்கு நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். ரோமில் சான் லோரென்சோ என்று ஒரு பகுதி. 1880-களில் ரியல் எஸ்டேட் சூதாட்டத்தில் அங்கே மளமளவென்று கட்டடங்கள் எழுந்தன. 1888-க்குப் பிறகு அந்த வியாபாரம் விழுந்தது, கட்டியவர்கள் திவாலானார்கள். பாதியில் நின்ற கட்டடங்களில் போக்கிடமில்லாத ஏழைகள் புகுந்து, ஓர் அறைக்குப் பல குடும்பங்களாக நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். தண்ணீர், வெளிச்சம், சுத்தம் எதுவும் கிடையாது. பிறகு ஒரு வீட்டுவசதி நிறுவனம் இவற்றை வாங்கிச் சீர்செய்து, உழைக்கும் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டது. அதன் பொறுப்பாளர் எடோர்டோ டலாமோ என்ற பொறியாளர்.

டலாமோவுக்கு ஒரு தலைவலி வந்தது. அப்பா அம்மா இருவரும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். பெரிய பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடும். பள்ளி வயது வராத சின்னஞ்சிறுசுகள் நாள் முழுக்கக் கட்டடத்துக்குள் சுற்றித் திரிந்தன. புதுச் சுவர்களில் கிறுக்கின, மாடிப்படிகளை அழுக்காக்கின. நம் கமிட்டி மினிட்ஸை யாரோ இத்தாலிய மொழியில் எழுதியது போல இருக்கிறதல்லவா?

டலாமோ காவலுக்கு ஆள் போடவில்லை, அபராதமும் போடவில்லை. அந்தப் பிள்ளைகளைப் பகலில் ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். அதன் பொறுப்பை ஏற்க டாக்டர் மாண்டிசோரியை அழைத்தார். சுவர்களையும் படிகளையும் பழுதுபார்க்க ஆண்டுதோறும் ஆகும் தொகையை இந்த அறைக்குத் திருப்பினால் போதும் என்பது கணக்கு. வணிகவியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கட்டடம் பாழான பிறகு செலவழிப்பதை, பாழாகாமல் இருக்க முன்கூட்டிச் செலவழித்தார்கள். தலைப்பு ஒன்றுதான், பராமரிப்பு.

1907 ஜனவரி 6-ஆம் தேதி அந்த அறை திறக்கப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வந்தார்கள். பெரும்பாலோர் மிரட்சியோடும் அழுகையோடும். அதற்குக் குழந்தைகள் இல்லம் என்று பெயர் வைத்தார்கள். பொறுப்பாசிரியை அதே கட்டடத்தில் குடியிருக்க வேண்டும்; தாய்மார்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்; வாரம் ஒருமுறையாவது ஆசிரியையோடு பேச வேண்டும்; பிள்ளையைக் குளிப்பாட்டிச் சுத்தமான உடையில் அனுப்ப வேண்டும். கட்டணம் இல்லை. இந்த விதிகளைச் சுவரில் மாட்டிவைத்தார்கள்.

மேஜை நாற்காலியின் உயரம்

இந்த இடத்தில் நடந்த ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். செலவெல்லாம் கட்டடப் பராமரிப்புக் கணக்கில் எழுதப்பட்டதால், பள்ளிக்கூடத் தளவாடம் வாங்க வழியில்லாமல் போயிற்று. ஓர் அலுவலகத்துக்கு வாங்குவது போன்ற சாமான்களைத்தான் வாங்க முடிந்தது. அதனால் அந்நாளைய பள்ளி பெஞ்சுகள் அந்த அறைக்குள் வரவே இல்லை. கணக்குத் தலைப்பு செய்த நன்மை அது.

அந்தப் பள்ளி பெஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்நாளில் பெஞ்சுகளை விஞ்ஞான முறைப்படி அளவெடுத்துச் செய்ததாகப் பெருமையாகச் சொல்வார்கள். இருக்கையும் எழுதும் பலகையும் ஒன்றாகப் பிணைத்து, தரையில் பதித்து, பிள்ளை ஒருபக்கமும் அசையாமல் நிமிர்ந்து உட்காரும்படி செய்திருப்பார்கள். நாள் முழுக்க உட்கார்ந்து முதுகெலும்பு வளையாமல் இருப்பதற்காக இந்த ஏற்பாடு. மாண்டிசோரி ஒரு மருத்துவர். உட்காருவதாலேயே எலும்பு வளையும் என்ற அளவுக்குப் பிள்ளையை உட்காரவைப்பதுதான் தவறு, அதற்கு நல்ல பெஞ்சு செய்வது தீர்வாகாது என்று வாதிட்டார்.

அவர் செய்வித்த தளவாடங்கள் வேறு மாதிரி. நான்கு வயதுப் பிள்ளைகள் இருவர் சேர்ந்து தூக்கிக் கொண்டுபோகக்கூடிய இலேசான சிறு மேஜைகள். சின்ன நாற்காலிகள். மூன்று வயதுக் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் முகம் கழுவும் தொட்டி. பக்கத்திலேயே சோப்பும் துவாலையும் வைக்கச் சிறு தட்டுகள். கைக்கு எட்டும் தாழ்ந்த அலமாரிகள். தரையில் உட்கார்ந்து வேலை செய்ய விரிப்புகள். பிள்ளைகள் எழுதுவதற்குத் தோதாகத் தாழ்வாக மாட்டிய கரும்பலகை. சுவரில் ஏராளமான படங்கள் கிடையாது. ரஃபேல் வரைந்த, குழந்தையை அணைத்தபடி நாற்காலியில் அமர்ந்திருக்கும் அன்னை மரியின் படத்தைத் தேர்ந்தெடுத்து மாட்டினார்.

இலேசான நாற்காலி என்றால் இடித்துத் தள்ளிவிடுவார்களே, சத்தம் கேட்குமே என்று அன்றும் கேட்டார்கள். அதற்காகத்தான் அப்படிச் செய்தேன் என்பது அவர் நிலை. தரையில் பதித்த பெஞ்சில் மோதினால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. இலேசான நாற்காலி சாய்ந்து விழுந்தால், தான் கவனமில்லாமல் நடந்தது அதற்கே தெரிந்துவிடும். ஆசிரியை திட்ட வேண்டியதில்லை. சில வாரங்களில் பிள்ளைகள் மேஜை இடுக்குகளில் இடிக்காமல் நடக்கப் பழகின. உடையக்கூடிய பாத்திரங்களையும் இதே காரணத்துக்காகத்தான் அவர்கள் கையில் கொடுத்தார்.

அலமாரி விஷயம் தற்செயலாக நடந்தது. கற்கும் பொருள்களை முதலில் உயரமான அலமாரியில் பூட்டிவைத்து, ஆசிரியைதான் எடுத்துக் கொடுப்பார். ஒருநாள் அலமாரி பூட்டப்படாமல் இருந்தது. ஆசிரியை வருவதற்குள் பிள்ளைகள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே எடுத்துக்கொண்டு வேலையில் மூழ்கியிருந்தார்கள். ஆசிரியை இதைத் திருட்டாக நினைத்தார். மாண்டிசோரியோ, எது வேண்டும் என்று பிள்ளைகளுக்கே தெரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். அன்று முதல் பூட்டிய அலமாரி போய்த் திறந்த தட்டுகள் வந்தன.

ஒரு மூன்று வயதுச் சிறுமி மரக்கட்டையின் துளைகளில் உருளைகளைப் பொருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். சுற்றியிருந்த பிள்ளைகளைப் பாடவைத்தார்கள், அவள் நிமிரவில்லை. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியோடு தூக்கி மேஜைமேல் வைத்தார்கள். உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு விட்ட இடத்தில் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்து முடித்துவிட்டு, தூங்கி எழுந்தவளைப் போல மலர்ந்த முகத்தோடு எழுந்தாள். சின்னப் பிள்ளைகளுக்கு எதிலும் கவனம் நிற்காது என்று நாம் சொல்வது வழக்கம். பொருளும் இடமும் பொருந்தினால் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை மாண்டிசோரி அங்கே எண்ணிப் பார்த்தார்.

அதே ஆண்டு டிசம்பரில் ஒருநாள், வெயில் நன்றாக இருந்ததால் பிள்ளைகளை மொட்டை மாடிக்கு அழைத்துப் போயிருந்தார். ஐந்து வயதுப் பையன் ஒருவனிடம் சாக்குக்கட்டியைக் கொடுத்து, எதிரே இருந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்தான். நன்றாக இருக்கிறது என்று ஊக்கப்படுத்தியதும், திடீரென்று எனக்கு எழுதத் தெரியும் என்று கூவிக்கொண்டு தரையில் கை, புகைபோக்கி, கூரை என்ற சொற்களை எழுதினான். யாரும் அவனுக்கு எழுதக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் பழகியிருந்தான், அவ்வளவுதான். அடுத்தடுத்து மற்றப் பிள்ளைகளும் எழுத ஆரம்பித்தார்கள். சுவரில் கிறுக்கியதற்காக உள்ளே அழைத்துவரப்பட்ட பிள்ளைகள் ஓராண்டுக்குள் அதே கட்டடத்தின் மாடியில் எழுதினார்கள்.

வங்கிக் கவுண்டர்கள் நினைவுக்கு வருகின்றன. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் கவுண்டர் நெஞ்சு உயரத்துக்கு இருக்கும், நடுவில் கம்பி வலை. குள்ளமான பாட்டிமார்கள் எக்கி நின்று கையை மட்டும் உள்ளே நீட்டுவார்கள். முகம் தெரியாததால் இருபுறமும் குரல் உயரும். பிற்பாடு வலையை எடுத்துவிட்டு, உட்கார்ந்து பேசும்படி கவுண்டரைத் தாழ்த்தினார்கள். வாடிக்கையாளர்களும் அவர்கள்தான், ஊழியர்களும் நாங்கள்தான். சண்டை மட்டும் குறைந்தது. பெரியவர்களுக்கே இப்படி என்றால் மூன்றடி உயரப் பிள்ளைகளுக்கு எப்படியிருக்கும்?

உலகம் சுற்றிய ஆண்டுகள்

செய்தி வேகமாகப் பரவியது. 1907 ஏப்ரலிலேயே இரண்டாவது இல்லம் திறக்கப்பட்டது. 1909-ல் தன் முறையை விளக்கி அவர் எழுதிய நூல் பல மொழிகளுக்குப் போயிற்று. 1913 இறுதியில் அமெரிக்கா போனபோது நியூயார்க்கின் கார்னகி மண்டபம் நிரம்பி வழிந்தது. 1915-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகப் பொருட்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு வகுப்பறையை அமைத்தார்கள். வெளியில் கூட்டம் முண்டியடித்துப் பார்க்க, உள்ளே பிள்ளைகள் தங்கள் வேலையில் ஆழ்ந்திருந்தார்கள்.

எதிர்ப்பும் இருந்தது. அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1914-ல் எழுதிய நூலில், இது பழைய உளவியல், பிள்ளைகளின் கற்பனைக்கும் கூடி விளையாடுவதற்கும் இடம் போதாது என்று விமர்சித்தார். அதன் பிறகு அங்கே ஆர்வம் பல ஆண்டுகள் மங்கிக் கிடந்தது. இத்தாலியில் 1920-களில் முசோலினியின் அரசு அவருடைய பள்ளிகளுக்கு ஆதரவு தந்தது, அவரும் ஏற்றுக்கொண்டார். அவருடைய வாழ்வில் விவாதத்துக்குரிய பகுதி இதுதான். ஆனால் பிள்ளைகளைச் சீருடை அணிவித்து அணிவகுக்கவைக்கும் அரசோடு அவர் கொள்கை நெடுநாள் ஒத்துப்போக முடியாது. 1934-ல் உறவு முறிந்தது; பள்ளிகள் மூடப்பட்டன; அவர் நாட்டைவிட்டு வெளியேறினார். ஸ்பெயினில் இருந்தபோது 1936-ல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்தும் கிளம்பி நெதர்லாந்தில் தங்கினார். அறுபத்தாறு வயதில் மறுபடி முதலிலிருந்து.

அடையாறும் கோடைக்கானலும்

பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைப்பின் பேரில் 1939 இறுதியில் மகன் மாரியோவோடு சென்னை அடையாறுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. சில மாதங்களுக்கு என்றுதான் வந்தார். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து சுமார் 300 பேர் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள்.

1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. இத்தாலியக் குடிமக்கள் பிரிட்டிஷ் அரசுக்கு எதிரிகளானார்கள். மாரியோவைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அம்மையாரைச் சபை வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது என்றார்கள். ஆகஸ்ட் 31 அவருடைய எழுபதாவது பிறந்தநாள். அன்று வைஸ்ராய் மாரியோவை விடுவிக்க உத்தரவிட்டார். அந்தச் செய்தியில் மாரியோ அவருடைய மகன் என்றே குறிப்பிடப்பட்டிருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வெளியில் சொல்ல முடியாமல் இருந்த உறவை ஒரு அயல்நாட்டு அரசாங்கத்தின் தந்தி பிறந்தநாள் பரிசாகச் சொல்லிவிட்டது.

பிறகு சுமார் இரண்டு ஆண்டுகள் கோடைக்கானலில் தங்கினார். அங்கே ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, செடி, பூச்சி, மண், வானம் என்று வெளியில் இருப்பதையே வகுப்பறையாக்கிப் பாடங்களை உருவாக்கினார். சுற்றுப்புறம் முழுவதும் ஒன்றோடொன்று பிணைந்தது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டும் அந்தப் பாடமுறை இன்று உலகெங்கும் உள்ள மாண்டிசோரிப் பள்ளிகளில் பெரிய வகுப்புகளுக்கு அடிப்படை. அது உருவானது நம் பழனி மலைமேல். அகமதாபாத், கராச்சி, கொழும்பு என்று போய்ப் பயிற்சி நடத்தினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் நேரடியாகப் பயின்றார்கள். அவருடைய புகழ்பெற்ற நூல்களில் ஒன்றான தி அப்சார்பென்ட் மைண்ட் 1949-ல் அடையாற்றில்தான் முதலில் வெளியானது.

1949, 1950, 1951 என்று மூன்று ஆண்டுகள் நோபல் சமாதானப் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1952 மே 6-ஆம் தேதி நெதர்லாந்தின் நோர்ட்வைக் என்ற கடலோர ஊரில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். மாரியோ தாயின் பணியைத் தொடர்ந்தார்.

பின்னால் வந்த ஆராய்ச்சிகள்

அம்மையார் கண்ணால் பார்த்துச் சொன்னதைப் பின்னால் வந்தவர்கள் அளந்து பார்த்தார்கள். மூன்றை மட்டும் சொல்கிறேன்.

நியூயார்க்கில் ஒரு பள்ளியின் ஒரு பக்கத்தில் மேம்பால ரயில் ஓடியது. 1975-ல் வெளியான ஆய்வில், ரயில் பக்கத்து வகுப்பறைப் பிள்ளைகள் வாசிப்பில் அமைதியான பக்கத்துப் பிள்ளைகளைவிடப் பின்தங்கியிருந்தது தெரிந்தது. பெரிய வகுப்புகளில் ஏறக்குறைய ஓர் ஆண்டு அளவுக்கு. தண்டவாளத்தில் ரப்பர் பட்டைகள் வைத்து, வகுப்பறைக் கூரையில் சத்தத்தை உறிஞ்சும் தகடுகள் பொருத்திய பிறகு அந்த வித்தியாசம் மறைந்தது. ஆசிரியரையோ பாடப்புத்தகத்தையோ மாற்றி வந்த பலன் இல்லை அது.

அமெரிக்காவில் 2014-ல் வெளியான ஆய்வு ஒன்றில், சுவர் நிறையப் படங்களும் தாள்களும் ஒட்டிய அறையில் மழலையர் அதிகம் கவனம் சிதறினார்கள். வெறும் சுவருள்ள அறையில் அதிகம் கற்றார்கள். கார்ட்டூன் நிறைந்த சுவர்தான் பிள்ளைகளுக்கு ஏற்றது என்று நினைக்கும் நம்மில் பலர் இதைக் கவனிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 27 தொடக்கப்பள்ளிகளின் 153 வகுப்பறைகளில் 3,766 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வின் முடிவுகள் 2015-ல் வந்தன. ஓராண்டில் பிள்ளைகளிடம் காணப்பட்ட முன்னேற்ற வித்தியாசத்தில் 16 சதவீதம் வகுப்பறையின் அமைப்பால் வந்தது என்று கணித்தார்கள். வெளிச்சம், காற்று, வெப்பநிலை, தளவாடம் பிள்ளைகளுக்குப் பொருந்துவது, அறையைத் தங்களுடையது என்று அவர்கள் உணர்வது ஆகியவை அதில் முக்கியமானவை.

நம் தரைத்தள அறை

மாண்டிசோரிப் பள்ளி நடத்துவோம் என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். பெயர்ப் பலகை மாட்டுவதால் மட்டும் எதுவும் வந்துவிடாது. பிள்ளைகள் மாலையில் உட்கார்ந்து படிக்க, வரைய, எழுத ஓர் அறை வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். அதற்கு அதிகம் செலவில்லை.

ஜன்னலை மறைத்து நிற்கும் பீரோவை நகர்த்தினாலே பகல் வெளிச்சம் வரும். பழைய மேஜைகளின் கால்களை அறுத்துத் தாழ்த்த ஒரு தச்சர் ஒருநாள் வந்தால் போதும். நம் வீடுகளில் பாயும் மணைப்பலகையும் புழங்கியவைதான். பத்துப் பாய்கள் வாங்கலாம். புத்தகங்களைப் பூட்டிய கண்ணாடி அலமாரியில் வைக்காமல் இடுப்புயரத் தட்டில் வைக்கலாம். ஒரு சுவரில் தரையிலிருந்து நான்கடி உயரம்வரை கரும்பலகைப் பெயிண்ட் அடிக்கலாம். கிறுக்க வேண்டிய பிள்ளைகள் அங்கே கிறுக்கட்டும். ஜெனரேட்டர் அந்த அறைக்குப் பக்கத்தில் இருப்பது மட்டும் ஒரு சிக்கல். அந்தப் பக்கத்துக் கதவை அடைத்துவைப்பது பற்றிக் கமிட்டி யோசிக்க வேண்டும். பெரியவர் ஒருவர் தினமும் ஒருமணி நேரம் அங்கே இருக்க வேண்டும். ஓய்வு பெற்றவர்கள் நாம் பலர் இருக்கிறோம். முறை போட்டுக்கொண்டால் மாதத்தில் இரண்டு மாலைகூட வராது.

மாடிப்படிச் சுவருக்கு மறுபடி வெள்ளையடிக்க எவ்வளவு ஆகும் என்று பொருளாளரிடம் மதிப்பீடு இருக்கிறது. அந்தத் தொகையையும் மேலே சொன்ன செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பொதுக்குழுவில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அபராதம் வேண்டும் என்பவர்களும் அந்த இரண்டு தொகைகளையும் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

அதற்கு முன் ஒருநாள் மாலை வாட்ச்மேனிடம் சாவி வாங்கி அந்த அறையைத் திறந்து பாருங்கள். முடிந்தவர்கள் முழங்காலிட்டு, ஐந்து வயதுப் பிள்ளையின் உயரத்தில் இருந்து ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஜன்னல் தெரிகிறதா, விளக்கு சுவிட்ச் எட்டுகிறதா, எதைக் கையில் எடுக்க முடிகிறது என்று குறித்துக்கொண்டு கூட்டத்துக்கு வாருங்கள்.